புளி கட்டியிருந்த பையில் மண்

1
இந்தக் கதை பஸ்ஸில் கிடைத்தது. தொண்ணூற்றெட்டாம் வருசம், செம்பட்டியிலிருந்து திண்டுக்கல். பக்கத்து சீட்டு அம்மாவின் மடியில் மஞ்சப்பை. புளி வாசம் தூக்கியது.

"புளியாம்மா?"

"இல்ல தம்பி, மண்ணு. சோதிக்கக் கொண்டுபோறேன்."

நடந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2
"ஆத்தூர்ப் பக்கம், வானம் பார்த்த பூமியில், அந்தி சாயும்…" சே! இப்படி ஆரம்பித்தால் நானே படிக்கமாட்டேன். நேராகச் சொல்கிறேன். அவர் லூர்தம்மாள் (பெயர் வைத்தது நான்). வெள்ளாடு வளர்க்கிறார். மேய்க்க ஒரே புஞ்சை. சுற்றிலும் பிளாட் போட்டாயிற்று. அந்தப் புஞ்சையிலும் புல் சரியாக வருவதில்லை. சோதித்தவர்கள், மண்ணில் அமிலம் அதிகம், மழைக்கு முன் சுண்ணாம்புத்தூள் தூவுங்கள் என்றார்கள்.

3
கணவர் ராயப்பராஜ் சுண்ணாம்பு மூட்டையை இறக்கினார்.

"மேக்க கறுக்குது. இப்பவே தூவிருவோம்."

"தூவுனா அதுல ஆட்டை விடக்கூடாதே, புல்லு தலையெடுக்குற வரைக்கும் எங்கிட்டு மேய்க்க?"

"வித்துப்புட்டுப் பெறகு வாங்குவோம்."

"வாயக் கழுவுங்க! சினை ஆட்டையா?" பிறகு குரல் தணிந்தது. "ஏங்க, அமிலம்னா புளிப்புன்னாகல்ல? நான் மண்ணை அள்ளிப் போட்டது, புளி கட்டியிருந்த பையில."

ராயப்பராஜ் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

4
எனக்கும் இங்கேதான் மண்டை காய்கிறது. பை சோதனையைக் கெடுத்திருக்கலாம். ஆனால் கடலை போட்ட காலத்தில் ராயப்பராஜ் வருசாவருசம் அம்மோனியம் சல்பேட்டைக் கொட்டியவர். அது மண்ணை நிஜமாகவே அமிலமாக்கும்.* நல்ல மண்ணில் சுண்ணாம்பு விழுந்தால் புல் வெளுத்துப்போகும். கெட்டுப்போன மண்ணில் விழாவிட்டால் புல்லே வராது. மறுபடி சோதிக்கலாமே என்பீர்கள். அதற்குள் மழை போய்விடும்.

(*இதையும் எழுதியது நான்தான். ஏன் எழுதித் தொலைத்தேன்?)

5
ஒரு முடிவு: தூவுகிறார்கள், புல் வருகிறது, ஆடு இல்லை.

இன்னொன்று: தூவவில்லை, ஆடு இருக்கிறது, புல்… வேண்டாம், எழுதப் பயமாக இருக்கிறது.

மூன்றாவதை எழுதும்போது லூர்தம்மாள் என் பக்கமே திரும்பிவிட்டார்.

"அன்னைக்கு பஸ்ஸுல பக்கத்துல இருந்தது நீதானப்பு. புளிப்பு பையிலயா, மண்ணுலயா?"

"தெரியலம்மா. சத்தியமாத் தெரியல."

"தெரியாமத்தான் எம் புஞ்சையில கை வச்சியா?"

பேனாவை மூடினேன். மூட்டை பிரிந்து கிடக்கிறது, பட்டியில் ஆடுகள் கத்துகின்றன. அவர் என்னை விட்டுவிட்டு உங்களைப் பார்க்கிறார். தூறல் விழத் தொடங்கிவிட்டது.