ஐந்து ரூபாய் வருத்தம்

எங்கள் ஊர்ப் பூங்காவில் மண்ணுக்குள் கிடக்கும் பழைய காசைத் தோண்டி எடுத்தால், அதைத் தொலைத்தவர் கால் மணி நேரத்துக்குள் வந்து வாங்கிக்கொண்டு போவார். தொலைத்தபோது எந்த வயதில், எந்த உடையில் இருந்தாரோ அப்படியே வருவார். நுழைவுக் கட்டணம் ஐந்து ரூபாய். வருகிறவர்களிடம் இந்தக் காலத்துப் பணம் இருக்காது என்பதால் தோண்டியவர்தான் கட்ட வேண்டும்.

நான் ஆறு வருடமாகத் தோண்டுகிறேன். விருப்ப ஓய்வு பெற்ற மறுவாரமே மெட்டல் டிடெக்டர் வாங்கிவிட்டேன். காலை ஒன்பது மணிக்குப் புல்வெளியில் இறங்கினால், மாலை ஆறு மணிக்கு வாட்ச்மேன் மரியதாஸ் விசில் ஊதும்வரை மெஷினும் நானும்தான். தோளில் ஒரு ஜோல்னாப் பை. அதில் களைக்கொத்து, டீ பிளாஸ்க், இரண்டு டம்ளர். இரண்டாவது டம்ளருக்கு வேலை வந்ததில்லை. காசு கைக்கு வந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று ஒரு மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக ஓடினார். ஒரு பஸ் கண்டக்டர் ஐந்து நிமிடம் நின்றார், ஆனால் எச்சில் தொட்டு டிக்கெட்டுகளை எண்ணிக்கொண்டே நின்றார்.

தொலைத்தவர் என்றால் கையிலிருந்து நழுவவிட்டவர் இல்லை, போச்சே என்று வருத்தப்பட்டவர். குழந்தை விட்டெறிந்த பத்துப் பைசாவுக்கு அதன் அம்மாதான் வந்தாள். வந்து, முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். இதை நான் முதல் வருடமே பார்த்தேன். பார்த்தும் யோசிக்கவில்லை.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு காசு. 1989-இல் தூங்குமூஞ்சி மரத்தடியில் சுகந்தியின் கையிலிருந்து விழுந்த ஐம்பது காசு. அவளும் நானும் ஒரே இன்ஸ்டிட்யூட்டில் டைப் அடிக்கப் பழகினோம். அன்று வெள்ளிக்கிழமை. பஸ்ஸுக்கு வைத்திருந்த காசு புல்லில் விழுந்துவிட்டது. இரண்டு பேரும் குனிந்து தேடினோம், கிடைக்கவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சிரித்துவிட்டு நடந்தே போனாள். சனிக்கிழமை அவள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த வெள்ளிக்கிழமை சொல்லாமல் விட்டதை அவளிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

போன மாதம் அது கிடைத்தது. மரத்துக்கு நான்கு அடி தள்ளி, ஒரு சாண் ஆழத்தில். நான் இரண்டு டம்ளரையும் குழாயடியில் கழுவினேன். தலை வாரிக்கொண்டேன். மரியதாஸிடம் முன்கூட்டியே டிக்கெட் எடுத்தேன்.

பன்னிரண்டாவது நிமிடம் கிழக்கு கேட் வழியாக நான் வந்தேன். இருபத்து நான்கு வயது. சனிக்கிழமைக்கென்று இஸ்திரி போட்டு வைத்திருந்த கட்டம் போட்ட சட்டை. அந்தக் காசுக்காக நான் வருத்தப்பட்டது சனிக்கிழமைதான். மூச்சு வாங்க என் முன்னால் வந்து நின்றான்.

“அவ வந்தாளா சார்?”

“வரல.”

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அந்த ஐம்பது காசுக்காகச் சுகந்தி ஒரு நொடிகூட வருத்தப்படவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அவன் காசை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஆனால் கிளம்பவில்லை. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்தேன். சர்க்கரை பத்தவில்லை என்றான். இனிமேல் அப்படித்தான் என்றேன்.

ஆறு மணிக்கு மரியதாஸ் விசில் ஊதினார். அவள் வரும்வரை இருக்கப் போவதாக அவன் சொன்னான். வந்த காரியம் முடியாதவர்களை வெளியே அனுப்பக்கூடாது என்பது பூங்கா விதி என்று மரியதாஸ் சொன்னார். பொழுது போகட்டும் என்று மெஷினை அவனிடமே விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது பையில் ஒரு ஐந்து ரூபாய்க் காசைக் காணோம். பெஞ்சில் குனிந்தபோது விழுந்திருக்கும். சே என்று இருந்தது.

மறுநாள் நான் பூங்காவுக்குப் போவதாக இல்லை. மெஷின் இல்லை, தேடவும் ஒன்றுமில்லை. ஆனால் பத்து மணிக்குக் கால் தானாகச் செருப்பைத் தேடியது. வழக்கம்போல பையை மாட்டிக்கொண்டேன். கேட்டில் மரியதாஸ் டிக்கெட் கேட்டார். தோண்டியவர் கட்ட வேண்டியது. அவனிடம் இருந்தது ஐம்பது காசு. நானே கட்டினேன்.

அவன் மண் ஒட்டிய ஐந்து ரூபாயை நீட்டினான்.

“இது உங்களுதுதான சார்?”

“ஆமா.”

“சும்மாதான் தோண்டினேன். டீ இருக்கா?”

அன்றிலிருந்து தினமும் விசில் ஊதுவதற்கு முன் ஓர் ஐந்து ரூபாயைப் புல்லில் போட்டுவிட்டு வருகிறேன். ஒரு ராத்திரி மண்ணில் கிடந்தால் அது பழைய காசுதான் என்று மரியதாஸ் சொல்லிவிட்டார். ஆனால் போட்டால் மட்டும் போதாது. வீடு வரும்வரை அதற்காக மனதார வருத்தப்பட்டுக்கொண்டே நடக்க வேண்டும். நேற்று ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். அதனால் இன்று போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. பாவம், அவன் டம்ளரைக் கழுவி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தான்.