டிஃபரன்ஷலுக்குள் நாலு விரல் துண்டு

...இன்னும் ஒரு நூல் நகர்ந்தால் வந்துவிடும், வந்தால் தொலைந்தோம், வராவிட்டாலும் தொலைந்தோம், இது என்ன பிழைப்பு என்று கிருஷ்ணராஜ் மொரிஸ் மைனரின் அடியில் மல்லாந்தபடி நினைத்துக்கொண்டான், காலையில் எட்டு மணிக்கு ஜாக்கி வைத்தது, இப்போது பதினொன்று தாண்டியிருக்கும், கழுத்து விண்விண் என்று தெறிக்கிறது, பெல்மதுளை மழை தகரத்தில் விட்டு விட்டுப் பெய்கிறது, பின் சக்கரத்தைச் சுழற்றும் எக்ஸல் முறிந்ததில் நீளப் பாதி சொன்ன பேச்சைக் கேட்டு வெளியே வந்துவிட்டது, மிச்சம் நாலு விரல் நீளத் துண்டு, பின் அச்சு நடுவில் டிஃபரன்ஷல் பல்லுக்குள் மாட்டிக்கொண்டு அசைவேனா என்கிறது. காந்தம் வைத்துப் பார்த்தாயிற்று, கம்பியில் சுருக்குப் போட்டுப் பார்த்தாயிற்று, முனையில் வெட்டிய வரி முறுக்கிக்கொண்டால் அப்படித்தான், சனியன். வெளியே டயர் மேல் உட்கார்ந்திருக்கும் அப்துல் ரஸாக் நானா, வருதா தம்பி என்று மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டார். கார் அவருடையது, தோட்டங்களுக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடுகிற கார், இருபது வருஷமாக இவன் கையைத் தவிர வேறு கை அதில் பட்டதில்லை. வருது நானா, கொஞ்சம் பொறுங்க என்றான். பொறுங்க... எதற்குப் பொறுக்கச் சொல்கிறேன்?

நீளப் பாதியை உருவியதும் முறிந்த முனையைப் பார்த்தான், பார்த்ததும் சாக்கில் சுற்றி, ஸ்பேனர் கிடக்கும் ஆயுதப் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டான், நல்லவேளை நானா அப்போது பிளேன்டீ குடிக்கப் போயிருந்தார். முறிந்தது ஒட்டு வைத்த இடத்தில், வெல்டிங் பாதி அதில், மறு பாதி உள்ளே இருக்கிற துண்டில். நாலு மாதத்துக்கு முன் இதே எக்ஸல் முறிந்தபோது, கொழும்புப் பஞ்சிகாவத்தை சாமான் கடைகளுக்குப் போய் நல்லதாக ஒன்று எடுத்துட்டு வாங்க என்று நானாதான் அனுப்பினார், போய்த்தான் எடுத்து வந்தேன் என்று இவனும் சொன்னான். எங்கே போனாய் நீ? கொழும்பு பஸ்ஸில் ஏறினது உண்மை, மடியில் பை, பையில் அளவுக்கு எடுத்துப்போன முறிந்த எக்ஸல், இரத்தினபுரி தாண்டும்வரை ஒன்றுமில்லை, அவிசாவளை நெருங்க நெருங்கப் பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளினான், திரும்ப எடுத்தான், கடைசியில் இறங்கிவிட்டான். எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பி, லேத் வைத்திருக்கும் சோமபாலவிடம் கொடுத்து ஒட்டிக் கடைந்து, கிரீஸ் பூசி மாட்டியாயிற்று. கழற்றிய சாமானைக் கையில் வாங்காமல் நானா ஒரு நாளும் போனதில்லை, ஊரில் கார் வைத்திருக்கிற எல்லாரும் அப்படித்தான், பழையது கைக்கு வந்தால்தான் புதியது உள்ளே போனதாகக் கணக்கு. பழசைக் கொடுத்தாத்தான் மாத்தித் தருவேன்னு கடைக்காரன் வாங்கிக்கிட்டான் நானா... எவ்வளவு சுருக்காக வாயில் வந்தது அந்தப் பொய், நானாவும் சரி சரி என்று தலையாட்டிவிட்டார்.

பயம்தான், வேறென்ன. யுத்தம் நடந்த இரண்டாயிரத்து ஆறில் இதே மாதிரி சாமான் வாங்கப் போனவனைக் கொழும்புக்குக் கிட்ட ஒரு சோதனைச் சாவடியில் இறக்கினார்கள், பைக்குள் வயர்ச் சுருள், பழைய டிஸ்ட்ரிபியூட்டர், இரண்டு போல்ட், மெக்கானிக் பையில் வேறு என்ன இருக்கும், ஆனால் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரும் தோட்ட விலாசமும் இருக்கிறவன் பையில் வயர் இருந்தால் அது வேறு வயர் ஆகிவிடுகிறது. சிங்களம் இவனுக்குத் தண்ணி பட்ட பாடு, அது எப்படி இவ்வளவு நல்லாப் பேசுறே என்று அதற்கும் சந்தேகம். இரண்டு ராத்திரி. அடிக்கவில்லை, சும்மா உட்கார வைத்தார்கள், சும்மா... பெண்சாதி ஜீவராணியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. சரி, உனக்குப் பயம், அதை நானாவிடம் சொல்லித் தொலைத்திருக்கலாமே? சொல்லியிருந்தால் கோபிக்கிற மனுஷனா அவர்? பெரிய மெக்கானிக் என்று பெயரெடுத்தவனுக்குப் பஸ்ஸில் போகப் பயம் என்று சொல்ல வெட்கம், அந்த வெட்கத்துக்கு முந்தாநாள் பலாங்கொடை ஏற்றத்தில் எக்ஸல் முறிந்து கார் பின்னால் உருண்டது, பின் சீட்டில் நானாவின் மகள் நூரியா, மடியில் கைப்பிள்ளை. பிரேக் பிடித்தது, யாரோ கல் வைத்தார்கள். பிடிக்காமல் போயிருந்தால்?

பைப்பின் வாயைத் தட்டிச் சுருக்கி உள்ளே விட்டு, துண்டின் முனையில் இறுக ஏறும்வரை சுத்தியலால் தட்டினான், வெல்டிங் மேடு சொரசொரவென்று இருந்ததால் பைப் நன்றாகக் கவ்விக்கொண்டது, அசைத்து அசைத்து இழுத்தான், ஒரு நூல், இன்னொரு நூல், சடக்கென்று வந்துவிட்டது. இரண்டு அடி அடித்துப் பைப்பிலிருந்து கழற்றினான். கைக்குள் அடங்குகிற துண்டு, பல்லில் மாட்டி நொறுங்கிப் போச்சு நானா என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ளத்தான் நினைத்தான், காருக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தால் நானா எழுந்து வந்து கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். கொடுத்தான், கொடுக்காமல் எப்படி. அவர் பேப்பர்த் துண்டால் எண்ணெயைத் துடைத்தார், பெருவிரலால் ஒட்டைச் சுற்றித் தடவினார், அந்த இடத்திலேயே விரல் நின்றது. முப்பது வருஷமாகக் கார் ஓட்டுகிற மனுஷனுக்கு வெல்டிங் தெரியாதா? கேட்கட்டும், திட்டட்டும், காறித் துப்பட்டும், நூரியாவின் பேரைச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டால் காலில் விழுந்துவிடலாம் என்று நின்றான்.

"இந்த மொற பஞ்சிகாவத்தைக்கு நானே போறன் தம்பி," என்றார். "நீங்க மெனக்கெட வேணாம்."

துண்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு, நீளப் பாதி எங்கே என்றுகூடக் கேட்காமல், குடையை விரித்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார். நம்பிக்கை விட்டுப்போய்ச் சொன்னாரா, பாவம் என்று சொன்னாரா, அன்றைக்கே தெரிந்துதான் தலையாட்டினாரா, முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், பார்க்கவில்லை. கூனிக் குறுகிப் போக வேண்டியவன், குறுகவில்லை, அப்பாடா என்று ஒரு மூச்சுத்தான் முதலில் வந்தது, போக வேண்டியதில்லை, நான் போக வேண்டியதில்லை... அந்த மூச்சு அவனுக்கே அருவருப்பாக இருந்தது. கழிவுத்துணியால் கையைத் துடைத்தான், துடைத்த கையையே திரும்பத் துடைத்தான். பிள்ளை பின் சீட்டில் இருந்தது தெரிந்த பிறகும், நீங்களே போயிட்டு வாங்க என்று நானா சொல்லியிருந்தால், இந்தத் தடவையாவது போயிருப்பேனா? ஆமாம் என்று சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தான், கேட்பதற்கு அங்கே யாருமில்லை, அப்படியும் வரவில்லை.