போன வாரத்துப் பாடம்

1

இந்தக் கதை ஒரு வெங்காயக் கூடையிலிருந்து வந்தது. இதைவிட அழகாக ஏதாவது சொல்லி ஆரம்பித்திருக்கலாம்தான். அதற்கெல்லாம் இப்போது தெம்பு இல்லை. இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பாடம் நடத்தும் அப்பன் நான். மிச்ச நேரத்தில், துணி துவைக்கும் மெஷினோடு வரும் கையேடுகளைத் தமிழில் மொழிபெயர்க்கிறேன். அதிலும் நேரம் மிஞ்சினால் கதை எழுதுவேன். மிஞ்சி வெகு நாளாயிற்று.

இப்போது மட்டும் எப்படி மிஞ்சியது என்று கேட்பீர்கள். மிஞ்சவில்லை. என் மூத்த மகன் வியாழக்கிழமை ஒரு கேள்வி கேட்டான். "அப்பா, நான் ஸ்கூலுக்குப் போகட்டுமா?" அடுத்த தெருப் பள்ளியின் தலைமையாசிரியையைப் போனில் விசாரித்தேன். "ஆறாங்கிளாஸ்ல ஒரு இடம் இருக்கு சார். திங்கட்கிழமை காலைல கூட்டிட்டு வாங்க. இல்லைன்னா வேற பிள்ளைக்குக் கொடுத்துடுவோம்" என்று சொல்லிவிட்டார். இன்று சனிக்கிழமை. என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"சனிக்கிழமை மதியம். பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு அவள் சாப்பாட்டு மேசையில் அடுத்த வாரத்துப் பாடத்திட்டத்தை விரித்தாள். ஜன்னலுக்கு வெளியே"

அங்கேயே நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதைவிடப் பெரிய சிக்கல் அந்த 'அவள்'. களைத்துப்போன அம்மா என்றால் வாசகர் உடனே நம்புவார், களைத்துப்போன அப்பா என்றால் கொஞ்சம் யோசிப்பார் என்று கணக்குப் போட்டு எழுதியது. என் மனைவி நர்ஸ். ஷிஃப்ட் முடிந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தாள்.

"யாருங்க இந்த அம்மா?"

"கதைல வர்ற அம்மா."

"நல்லா இருக்கே! நான் வார்டுல நின்னு காலு வீங்கி வர்றேன். இங்க வந்து பார்த்தா என்னையே உக்கார வச்சுப் பாடமும் நடத்த விட்டிருக்கீங்க. உங்க களைப்பை நீங்களே வச்சுக்கோங்க சாமி. எனக்கு என்னோடதே போதும்."

நியாயம்தான். 'அவள்' போய் 'நான்' வந்தேன்.

இரண்டாவது தொடக்கம் கட்டுரையாகப் போய்விட்டது: "கல்வி நான்கு சுவர்களுக்குள் அடங்குவதல்ல என்று சொல்லும்போது, நாம் எந்த நான்கு சுவர்களைக்—" இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நானும் நான்கு சுவர்களுக்குள்தான் நடத்துகிறேன். அதில் ஒரு சுவரில் ஈரம் கசிகிறது.

3

கதை புரிய வேண்டுமானால் வாரத் திட்டம் எப்படிப் போடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். சலிப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், போடுகிறவனுக்கு இன்னும் சலிப்பு.

பெரிய தாள் ஒன்றில் கட்டம் போடுவேன். மேலே கிழமைகள், பக்கத்தில் பாடங்கள். பெரியவனுக்குச் சிவப்பு மை, சின்னவளுக்கு நீலம். ஒரே விஷயத்தை இரண்டு பேருக்கும் இரண்டு உயரத்தில் வைக்க வேண்டும். தண்ணீர் என்று எடுத்துக்கொண்டால், சின்னவள் ஐஸ் உருகுவதைப் பார்த்துப் படம் வரைவாள். பெரியவன் அதே கிண்ணத்தில் தெர்மாமீட்டரை வைத்து, ஐஸ் முழுக்க உருகி முடிகிறவரை சூடு ஏன் ஏறாமல் நிற்கிறது என்று பார்ப்பான். முக்கியமான விதி ஒன்று: இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நான் தேவைப்படக் கூடாது. ஒருத்தி கணக்கில் முட்டிக்கொண்டிருந்தால் மற்றவன் கையில் கதைப் புத்தகம் இருக்க வேண்டும். இருவருமே சத்தமில்லாமல் இருக்கும் கட்டத்தில் என் கையேட்டு வேலை. அப்படி ஒரு கட்டம் தாளில் இருக்கிறது, வீட்டில் இருந்ததில்லை. போட்டு முடித்ததும் காந்தம் வைத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவேன். மறுநாளிலிருந்து நான் யோசிப்பதில்லை. தாள் சொல்லும், நான் செய்வேன்.

[அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: எதற்கு இந்தப் பாடு? பெரியவன் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, பையைத் தோளில் மாட்டினால் வயிறு வலிக்கும். பையை இறக்கினால் நின்றுவிடும். டாக்டர் எல்லா சோதனையும் செய்துவிட்டு, "வயித்துல ஒண்ணும் இல்லைங்க" என்றார். ஒருநாள் பள்ளி வாசலில் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, பட்டன் தெறித்து விழுந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "இனிமே நான் பாத்துக்கறேன்" என்றேன். தங்கை வளர்ந்ததும் அவளும் சேர்ந்துகொண்டாள். அன்றிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.]

4

நடந்தது இதுதான். போன சனிக்கிழமை பழைய தாளைக் கழற்றி மேசையில் வைத்து, பக்கத்தில் புதியதை நிரப்பி முடித்தேன். அந்த நேரம் பார்த்துக் கையேட்டுக் கம்பெனியிலிருந்து போன். மூடியை மேலே தூக்கவும் என்று ஒரு பக்கத்திலும், பக்கவாட்டில் இழுக்கவும் என்று இன்னொரு பக்கத்திலும் எழுதியிருக்கிறேனாம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சமாதானம் சொல்லியபடியே ஒரு தாளை ஃபிரிட்ஜில் ஒட்டினேன். மற்றதைக் கூடையின் அடியில் விரித்து மேலே வெங்காயத்தைக் கொட்டினேன். எங்கள் வீட்டில் முடிந்துபோன வாரங்களுக்கு அதுதான் கதி.

கூடைக்குள் போனது புதிய தாள். கதவில் ஏறியது பழையது.

ஒரு வாரம் முழுக்க நடத்திய பாடத்தையே திரும்ப நடத்தினேன். இது எப்படி உறைக்காமல் போகும் என்று கேட்பீர்கள். கிண்ணத்தில் ஐஸைப் போடும்போது, 'இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே' என்று தோன்றியது உண்மை. ஆனால் எனக்கு இப்போதெல்லாம் எல்லாமே எங்கேயோ பார்த்த மாதிரிதான் இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அது அற்புதமான வாரம். போன தடவை (அது போன தடவை என்று எனக்குத் தெரியாது) பின்னத்தில் முழி பிதுங்கியவள், டக்டக்கென்று விடை சொன்னாள். ஐஸ் உருகும்போது இரண்டு கன்னத்திலும் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ அப்பா, உருகுதே! தண்ணியா ஆகுதே!" என்று அலறினாள். பெரியவன் வாயைத் திறக்காமல் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் தலை கால் புரியவில்லை. மனைவிக்கு வார்டுக்கே போன் போட்டு, "பசங்க பிச்சு உதறுறாங்க" என்றேன். கடைசியில் எனக்கும் இந்த வேலை கைவந்துவிட்டது என்று நினைத்தேன். கையேட்டைக்கூட முடித்து அனுப்பினேன்.

அந்த வாரத்து வியாழக்கிழமைதான், தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே பெரியவன் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டான். திரும்பிப் பார்க்காமல் கேட்டான்.

5

நேற்று, வெள்ளிக்கிழமை, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். சின்னவளுக்கு வீட்டில் பெயர் ஓட்டைவாய். காதில் விழுந்த எதுவும் அவள் வாயில் தங்கியதில்லை. என் மனைவி அவளிடம், "ஐஸ் வச்சுப் பாடம் படிச்சீங்களாமே, நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"எந்த ஐஸும்மா? முதல் ஐஸா, ரெண்டாவது ஐஸா?"

மேசைக்கு அடியில் பெரியவன் அவளை உதைத்த சத்தம் எனக்குக் கேட்டது.

"எதுக்குண்ணா உதைக்கிற? நான்தான் இவ்வளவு நாள் சொல்லவே இல்லையே!"

"ஓட்டைவாய், ஓட்டைவாய்" என்றான் அவன்.

"என்னத்தைடி சொல்லல?" என்றேன்.

"அப்பா திரும்பவும் போன வாரத்தையே நடத்தறாருன்னு. அண்ணாதான் சொல்லக் கூடாதுன்னான். அப்பா ரொம்ப டயர்டா இருக்காரு, சொன்னா மறுபடியும் உக்காந்து புதுசா போடுவாரு, மூச்சு விடாதேன்னான்." பெருமையோடு என்னைப் பார்த்தாள். "நான் நல்லா நடிச்சேன்ல?"

என் மனைவி சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். நான் எழுந்து போய்க் கூடையைக் கவிழ்த்தேன். வெங்காயத் தோலுக்கு அடியில் சிவப்பும் நீலமுமாக ஒரு வாரம் அப்படியே கிடந்தது.

ஏழு வயதுக்காரி என் காதில் பூ சுற்றியிருக்கிறாள். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வெட்கம்தான் வந்தது. வெங்காயத்தைப் பொறுக்கிக் கூடையில் போடுகிற சாக்கில் கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

6

இனி பெரியவனை எழுத வேண்டும். இங்கேதான் கை ஓடவில்லை.

"பிஞ்சு வயதிலேயே தந்தையின் பாரத்தைத் தன் தோளில்—" சே! அடித்துவிட்டேன். அழுக்கு சாக்ஸைச் சோபாவுக்கு அடியில் தள்ளுகிறவன் அவன். செஸ்ஸில் தோற்கப் போனால் பலகையைத் தட்டிவிட்டு, "ஐயையோ, கை பட்டுடுச்சு" என்பான். இவனைத் தியாகி ஆக்கினால் வீட்டில் இருப்பவர்களே சிரிப்பார்கள்.

அவன் எனக்காகத்தான் மறைத்திருக்கிறான் என்று மனைவியிடம் சொன்னேன். "சோம்பேறித்தனமும் கொஞ்சம் இருக்கும்ங்க. தெரிஞ்ச கணக்கையே திரும்பப் போடறதுன்னா யாருக்குக் கசக்கும்?" என்றாள். இருக்கலாம். அப்படி மட்டும் இருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி.

"ஸ்கூல் விஷயத்தை அவன்கிட்டயே நேரா கேளுங்களேன்."

"கேட்டா எனக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்லுவான்."



என் சங்கடம் இதுதான், பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். அவன் தனக்காகக் கேட்டிருந்தால் திங்கட்கிழமை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவேன். என்னைப் பார்த்துப் பாவப்பட்டுக் கேட்டிருந்தால்? ஒரு வாரம் முழுக்க எனக்காக நடிக்கத் தெரிந்தவனுக்கு வயிற்று வலியை மறைக்கத் தெரியாதா? தினமும் பையை மாட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு போவான். "நல்லா இருந்துச்சுப்பா" என்று சொல்லிக்கொண்டு வருவான். நானும் நம்பி, இங்கே நிம்மதியாகக் கையேடு எழுதிக்கொண்டிருப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

7

முடிவு ஒன்று: திங்கட்கிழமை காலை. வாசலைத் தாண்டி உள்ளே போன மகன் திரும்பிப் பார்த்துக் கையசைக்கிறான். (பொய். இந்த வயதுப் பையன்கள் யாரும் அப்பாவுக்குக் கையசைப்பதில்லை.)

முடிவு இரண்டு: "வேணாம்டா, நாம வீட்டுலயே படிக்கலாம்" என்கிறேன். "சரிப்பா" என்கிறான். (அந்த 'சரிப்பா'வுக்குப் பிறகு என்ன எழுதினாலும் எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு மூன்று: இடைவேளையில் தலைமையாசிரியையிடமிருந்து போன். "சார், பையன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு

இதை எழுத மாட்டேன்.

8

ஞாயிற்றுக்கிழமை. மேலே உள்ளதையெல்லாம் மேசையிலேயே போட்டுவிட்டுப் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பினால், பெரியவன் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறான். பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்காமல் நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

"செஸ்ல கை நிஜமாவே பட்டுச்சுப்பா."

"சரி, சரி."

"அப்புறம் அந்த ஐஸ். அவ நடிச்சா. நான் நடிக்கல." தாளைப் புரட்டிக்கொண்டே சொன்னான். "முதல் தடவை நீங்க சொன்னதை எழுதிட்டே இருந்தேன், ஒண்ணுமே பாக்கல. ரெண்டாவது தடவைதான் பாத்தேன். அவ்வளவு நேரம் உருகுது, அந்தக் கோடு அசையவே இல்லைப்பா. நல்லா இருந்துச்சு."

கத்தியைக் கீழே வைத்தேன். கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

"ஸ்கூலுக்கு உனக்கே போகணும்னு இருக்கா, இல்ல நான் டயர்டா இருக்கேன்னு கேட்டியா?"

"ரெண்டும்தான்."

"எதுடா ஜாஸ்தி?"

"காலைல பெல் அடிக்கிறது கேட்டா போகணும் போல இருக்கு. சாயங்காலம் உங்களைப் பாத்தா..." முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை.

"வயிறு?"

"தெரியலையே. பை மாட்டினாதானே தெரியும்?"

தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கி என்னிடம் கொடுத்தான். கொடுத்த பிறகும் அதன் ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, இதுக்கு முடிவு மட்டும் எழுதிடாதீங்க."

"ஏன்டா? நல்லா வராதா?"

"நீங்க எப்படி எழுதறீங்களோ, நான் அப்படியே பண்ணிடுவேன்."

பிறகு ஓரத்தை விட்டான்.

9

அதனால் முடிவு இல்லை.

அடுத்த வாரத்துத் தாளைப் போட்டுவிட்டேன். கூடையிலிருந்து எடுத்ததைத்தான் தூசி தட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன், வெங்காய வாசனை அடிக்கிறது. நீலக் கட்டங்கள் அப்படியே இருக்கின்றன. சிவப்பை மட்டும் திங்கட்கிழமையிலிருந்து வெள்ளைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டேன். பழைய பள்ளிப் பையை மாடியில் வெயிலில் காயப் போட்டு, கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்தாயிற்று. நாளைக் காலை பெல் அடிக்கும்போது அவன் அதை மாட்டிப் பார்க்கலாம், மாட்டாமலும் இருக்கலாம். நான் அந்த நேரத்தில் சமையலறையில், அவன் முகம் எனக்கும் என் முகம் அவனுக்கும் தெரியாத இடத்தில் நிற்பதாக இருக்கிறேன்.

உங்களுக்கு ஒரு முடிவு தோன்றியிருக்கும். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். அதை எழுதி எங்களுக்கு அனுப்பிவிடாதீர்கள். அவன் படித்துவிடுவான்.