இன்னும் அறுபத்தொரு கிலோமீட்டர்

"காலைத் தூக்கு, நோல். முள்ளு வலது பக்கம் போகுது பாரு."

"பேசாம படுய்யா. நர்ஸ் என்ன சொன்னா? பேசக் கூடாதுன்னாளா இல்லையா?"

"எங்க பேசினேன்? முள்ளைப் பாருன்னுதானே சொன்னேன்."

நோலீன் முள்ளைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது கணவர் மெர்வுடைய முகத்தை. சாய்த்துப்போட்ட பக்கத்து இருக்கையில், இடது கையை நெஞ்சோடு அணைத்தபடி கிடந்தார். நனைந்த சாம்பல்போல இருந்தது முகம். மென்று விழுங்கிய ஆஸ்பிரினின் வெள்ளைத் துகள் உதட்டோரத்தில் ஒட்டியிருந்தது. நாற்பத்திரண்டு வருடத்தில் அந்த முகத்தில் அவள் பார்க்காத நிறம் அது. ஆக்ஸிலரேட்டரில் காலை இன்னும் அழுத்தினாள். எங்கோ இன்ஜினின் அடிவயிற்றில் டர்போ விசில் அடித்தது.

காலை ஐந்தே முக்காலுக்கு, கெட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனவர் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். போனில் ஆஸ்பத்திரி நர்ஸ் சுற்றி வளைக்காமல் சொன்னாள். மூன்று நாள் மழையில் ஊர் விமானத் தளம் சேறாகிக் கிடக்கிறது; டாக்டர் விமானம் இறங்காது. போர்ட் அகஸ்டா நகரத்து ஆம்புலன்ஸ் வேறொரு வேலையாகப் பாதி தூரம் வந்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் ரோட்ஹவுஸுக்கு, நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் கடைக்கு, வந்துவிடும். "நீங்க அங்கேயிருந்து கிளம்புங்க நோலீன். நடுவுல சேந்துக்கலாம்." இந்தப் பக்கத்தில் அது புதிதில்லை. அந்த ரோட்ஹவுஸ் வாசலில் பிள்ளைகள் பிறந்திருக்கின்றன, உடைந்த கால்கள் கைமாறியிருக்கின்றன. நூற்றி அறுபது கிலோமீட்டர். நடுவில் ஒரு வீடு கிடையாது.

"ட்ரிஷ்ஷை எழுப்பி டேங்க்கை ரொப்பிக்கலாமா?" என்று கிளம்பும்போது அவள் கேட்கத்தான் கேட்டாள். ஊரில் ஒரே பம்ப் பப்புடையது. அதன் சாவியோடு, பப்பை நடத்தும் ட்ரிஷ் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டி எழுப்பிப் பெட்ரோல் போடப் பத்து நிமிடம் ஆகும்.

மெர்வ் விரலை நீட்டிக் காட்டினார். ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டியிருந்த சின்னப் பெட்டியின் திரையில் 212 என்று நீலமாக எரிந்தது. மிச்சமிருக்கும் பெட்ரோலுக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று அது சொல்லும்.

"நூத்தி அறுபதுக்கு இருநூத்திப் பன்னெண்டு," என்றார் மூச்சுக்கு நடுவே. "பத்தும். போ."

நான்கு வருடமாக அந்தப் பெட்டி சொன்ன ஒரு வார்த்தையைக்கூட அவள் நம்பியதில்லை. இன்றைக்கு நம்பினாள்.

சுரங்கத்தில் முப்பது வருடம் கம்ப்ரஸர் மீட்டர் முட்களைப் பார்த்தே பிழைத்தவர் மெர்வ். ஓய்வு பெற்ற பிறகு பார்க்க முள் இல்லாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு இந்த டர்போ வண்டியை, இருபது வருடப் பழசை, வாங்கினார். தபாலில் இரண்டு மீட்டர்கள் வந்தன. ஒன்று வட்டமான முள் மீட்டர். முள் இடப்பக்கம் இருந்தால் இன்ஜின் தானாக மூச்சு இழுக்கிறது, வலப்பக்கம் போனால் டர்போ காற்றைத் திணித்து ஊதுகிறது, பெட்ரோல் போகிறது. இன்னொன்று இந்தப் பெட்டி. ஒவ்வொரு முறை டேங்க்கை நிரப்பியதும் பம்ப் காட்டிய லிட்டரைப் பெட்டியில் தட்டுவார். அது தன் தப்பைத் திருத்திக்கொள்ளும். "கத்துக்குது பாரு நோல். மனுசன்கூட இப்படித் தப்பை ஒத்துக்க மாட்டான்." வண்டியோடு வந்த பெட்ரோல் முள் பாதியில் ஒட்டிக்கொண்டு வருடமாகிறது. அதைச் சரிசெய்ய அவருக்குத் தோன்றவே இல்லை.

டர்போ வண்டியை வாங்கி டர்போவை எழுப்பாமல் ஓட்டுவதுதான் அவர் விளையாட்டு. தொண்ணூறுக்கு மேல் போகமாட்டார். நூறு கிலோமீட்டருக்கு ஏழு புள்ளி நாலு லிட்டர் என்று பப்பின் கரும்பலகையில் அவர் எழுதிய நாளில், நோலீனின் தம்பி ரஸல் பியரை வைத்துவிட்டு எழுந்து நின்று கும்பிட்டான்.

"மெர்வ், சட்டை பேன்ட்டையும் கழட்டிட்டு ஓட்டு. இன்னும் அரை கிலோ குறையும்."

"கழட்டுவேன்டா. உன் அக்காதான் வண்டியில ஏறமாட்டேங்கறா."

எடையைத்தான் ஒவ்வொன்றாகக் கழற்றினார். முதலில் கூரைக் கம்பி, பிறகு கங்காரு மோதினால் தாங்குகிற முன்பக்க இரும்பு வேலி. அவசரத்துக்கு ஆளைக் கூப்பிடுகிற டூ-வே ரேடியோவின் ஏரியல் அந்த வேலியில்தான் இருந்தது, அதுவும் போயிற்று. "அடுத்த வாரம் பானெட்டில மாட்டிடறேன்." மூன்று மாதம் ஆயிற்று.

"இது வேகமாக் குறையுது மெர்வ்," என்றாள் நோலீன். வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடினால் திரையில் எண் ஒன்றேகால் இறங்கிக்கொண்டிருந்தது.

"நீ மிதிக்கறே. தொண்ணூறுல போ."

"தொண்ணூறுல போனா உன்னைச் சவமாத்தான் இறக்கணும்."

"நோல். முள்ளு."

"முள்ளைத் தூக்கிக் குப்பையில போடு! சாகற நேரத்துலயும் பெட்ரோல் மிச்சம் பிடிக்கணுமா உனக்கு?"

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. மெர்வ் சிரிக்கப் பார்த்தார், அது பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. அவள் மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். இந்தக் கணக்கில் போனாலும் போய்ச் சேர்ந்துவிடலாம், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மிஞ்சும். காலை எடுக்கவில்லை. வேகம் நூற்றி நாற்பது. சிவப்பு மண் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போனது.

நூற்றி இருபத்தொன்றாவது கிலோமீட்டரில் விசில் நின்றது. வண்டி ஒருமுறை விக்கியது, இன்னொரு முறை. பிறகு டயர் ஓடுகிற ஓசை மட்டும். அதுவும் மெல்ல மெல்ல அடங்கி, ரோட்டோரச் சரளையில் வண்டி நின்றது.

திரையில் 61.

"அறுபத்தொண்ணு இருக்குய்யா! அறுபத்தொண்ணு காட்டுது!" சாவியைத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள். மறுபடியும்.

"விடு நோல். பெட்ரோல் இல்ல."

இறங்கி ஓடிப் பின்கதவைத் தூக்கினாள். எல்லா வண்டியிலும் ஒரு கேன் இருக்கும். இங்கே அது இல்லாமல் யாரும் ஊர் எல்லையைத் தாண்டமாட்டார்கள். விரிப்பில் நீள்சதுரமாக ஓர் அழுத்தம் மட்டும் பதிந்திருந்தது.

"கேன் எங்கய்யா?"

"ஷெட்ல."

"ஏன் ஷெட்ல?"

"இருபது கிலோ," என்றார்.

அவள் அவர் பக்கத்துக் கதவைத் திறந்து சரளையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். சட்டைப் பொத்தானைத் தளர்த்தினாள். போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், ஒரு கோடுகூட இல்லை. ரேடியோவில் இரைச்சல்.

"டர்போ ஊதறப்போ," என்றார் மெர்வ், கண்ணை மூடிக்கொண்டே, "இன்ஜின் வெந்துடாம இருக்க அதுவா கூட ஊத்திக்கும். பெட்ரோலை. அது பெட்டிக்குத் தெரியாது. நான் அப்படி ஓட்டினதே இல்லையே, எப்படிக் கத்துக்கும். என் காலுக்குப் பழகினது."

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"படிச்சிருக்கேன்."

"அப்ப ஏன்யா சொல்லலை?"

அவர் கண்ணைத் திறந்தார். கோபம் எதுவும் இல்லை அதில். விளக்கிச் சொல்லத் தெம்பில்லாதவரின் சலிப்புதான்.

"காலைத் தூக்குன்னு சொன்னேனே, நோல்."

வழி முழுக்கச் சொல்லிக்கொண்டேதான் வந்தார். நான்கு வருடமாகச் சொன்ன அதே மூன்று சொற்கள், அதே குரல். இன்று மட்டும் அதற்கு வேறு காரணம் இருக்கும் என்று எந்த மனைவி கேட்டிருப்பாள்?

"ரஸல்கிட்ட சொல்லிடாதே," என்றார் மெர்வ்.

"எதை?"

"டேங்க் காலியானதை."

"உதைப்பேன் உன்னை," என்றாள். "ஆம்புலன்ஸ்காரங்க நம்மைக் காணலைன்னா தேடிக்கிட்டு இந்தப் பக்கம் வருவாங்க. நிச்சயம் வருவாங்க."

"எவ்வளவு நேரம் பாப்பாங்களாம்?"

ஐந்து நிமிடமா, இருபதா? அவர் நெற்றி வியர்வையைத் தன் ஸ்வெட்டர் கையால் ஒற்றிவிட்டு எழுந்து ரோட்டின் நடுவில் போய் நின்றாள். இரண்டு பக்கமும் ரோடு ஒரே நேராக ஓடி, நுனியில் வெளிச்சத்தில் கரைந்தது. லாரி ஒன்று வந்தாலும் போதும்.

இன்ஜின் சத்தம் ஓய்ந்துவிட்டதால் கலாக் கிளிகள் இறங்கின. சாம்பல் முதுகும் ரோஜா நிற மார்புமாக, ஒன்று, மூன்று, பிறகு ஒரு கூட்டமே. ரோட்டோரம் தேங்கியிருந்த மழைநீரில் தலையைக் குனிந்து குடித்தன. அவளை அவை பொருட்படுத்தவே இல்லை.

"நோல்," என்று வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. "யாராச்சும் வர்றாங்களா?"

"வர்றாங்க," என்றாள், வெறும் ரோட்டைப் பார்த்தபடி.

"எந்தப் பக்கம்?"

"ரோட்ஹவுஸ் பக்கமிருந்துதான். லைட்டு தெரியுது."

எவ்வளவு தூரத்தில் என்று அடுத்துக் கேட்பார். மெர்வ் தூரம் கேட்காமல் விடமாட்டார். அவள் ஓர் எண்ணைத் தயாராக நாக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கேள்வி வரவில்லை. திரும்பிப் பார்க்க அவள் கழுத்து மறுத்தது. கிளிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவற்றுக்கு மனிதக் காதைவிடக் கூர்மை அதிகம். வண்டி எதுவும் வந்தால் முதலில் அவற்றுக்குத்தான் தெரியும். தண்ணீர் சலசலத்தது. பிறகு ஒரு கிளி குடிப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியது. பக்கத்தில் இன்னொன்று.