நான்காவது எடைக்கல்

எங்கள் கூட்டத்தில் என்னை 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது நர்ஸ் அக்கா. லிஃப்ட் வரும்வரை நிற்கப் பொறுக்காமல் ஏழு மாடி ஏறிப் போய், சாவியைக் கீழேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்து மறுபடி இறங்கியவள் நான். அப்படிப் பெயர் வைத்ததில் என்ன தப்பு?

வேலைக்காக வெளிநாடு வந்து பதினோரு மாதம். முதல் இரண்டு மாதம் சுவரோடு பேசாத குறைதான். பிறகு ஒருநாள், கட்டடத்தின் துணி துவைக்கும் அறையில் யாரோ வாஷிங் மெஷினைத் தமிழில் கிழி கிழி என்று கிழித்துக்கொண்டிருந்தார்கள். அவர்தான் நர்ஸ் அக்கா. அன்றைக்கே தன் வாட்ஸப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார். பதினான்கு பேர். வெள்ளிக்கிழமை யார் வீட்டிலாவது கூடுவோம், சனிக்கிழமை பாட்மிண்டன், ஞாயிற்றுக்கிழமை யாராவது வீடு மாறினால் போய்க் கட்டில் தூக்குவோம். மூச்சு விட நேரம் இருக்காது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அந்தக் கூட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யார் விமானம் ஏறினாலும் பெட்டியில் பாதி இடம் மற்றவர்களுக்கு. மறுத்தால் வாய்விட்டு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அக்கவுண்டன்ட் அண்ணன் ஒருமுறை "இடமில்லப்பா" என்று சொல்லிவிட்டார். மறுநாளே அவர் இல்லாத இன்னொரு குழு முளைத்தது. மூன்று வெள்ளிக்கிழமை அந்த மனிதர் வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். அந்தப் புதுக் குழுவில் நானும் இருந்தேன், வெட்கக்கேடு.

என் வேலை தராசு சரிபார்ப்பது. தொழிற்சாலைகளில் மூட்டை கட்டும் இடத்திலிருக்கும் மின் தராசின் மேல் எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றி, காட்டும் எண் சரியா என்று பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை நாள் மேனேஜர் பின்னால் பெட்டி தூக்கிக்கொண்டு போனேன். இப்போது முதல்முறையாகத் தனியாக, அதுவும் வேறொரு நாட்டுக்கு. இதை ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். சொதப்பினால் அடுத்த மாதம் விசாவோடு என் சங்கதியும் முடிந்தது.

ஐந்து கிலோ எடைக்கல் நான்கைப் பெட்டியில் வைத்து விமான நிலையம் போனேன். வழியனுப்ப வந்த நர்ஸ் அக்காவின் கையில் பார்சல். நான் போகிற ஊரில் இருக்கும் அவர் தங்கைக்குக் குழந்தை பிறந்து இருபது நாள். சட்டை, போர்வை, சத்து மாத்திரை, பால் புட்டி. பெட்டிக்குள் அடைத்து எடை போட்டால் ஐந்து கிலோ அதிகம். விமானம் நிரம்பிவிட்டது, ஒரு கிலோகூட விட முடியாது என்று கவுண்டர்காரி கையை விரித்தாள்.

அக்கா தரையிலேயே உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார்.

"ஒரே மாதிரி நாலு இரும்புத் துண்டு எதுக்குடி? மூணு போதாதா?"

போதாது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். அக்கவுண்டன்ட் அண்ணனின் முகம் வந்து முன்னால் நின்றது.

"போதும்க்கா" என்றேன்.

அக்கா நான்காவது கல்லைத் தன் தோள்பையில் போட்டுக்கொண்டு என் கன்னத்தைக் கிள்ளினார். விமானத்தில் நான் பெல்ட்டைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தேன். பக்கத்து சீட்காரர் இரண்டுமுறை முறைத்தார்.

விடிந்ததும் அக்காவின் தங்கை வீட்டுக்காரர் ஹோட்டலுக்கு வந்து பார்சலை வாங்கிக்கொண்டு போனார். நான் சலவைத்தூள் தொழிற்சாலைக்குப் போனேன். அங்கே மூட்டை ஒன்று இருபது கிலோ. அதனால் தராசை இருபது வரை சோதித்தே ஆகவேண்டும். சூப்பர்வைசர் பெரிய மீசைக்காரர். சோதனைக்காக மெஷினை நிறுத்தியதிலேயே அவருக்குக் கடுப்பு. ஐந்து, சரி. பத்து, சரி. பதினைந்து, இம்மி பிசகவில்லை. சான்றிதழில் இருபதுக்கான நான்காவது கட்டம் காலியாக இருந்தது.

மூன்று சரியாக இருக்கும்போது நான்காவது மட்டும் எங்கே ஓடிப்போகும், லாரி நிற்கிறது, எழுதிக்கொடு என்றார் மீசை. நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழுவில் கேட்டேன். பாதிப்பேர் எழுதிவிடச் சொன்னார்கள். பாதிப்பேர் விமானக்காரர்கள் தொலைத்துவிட்டார்கள் என்று சொல்லச் சொன்னார்கள். கட்டைவிரல் படம் வரிசையாக வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களில் ஒருவருக்காவது நான் என்ன வேலை செய்கிறேன் என்று தெரியுமா?

கல் பற்றாத இடத்தில் மேனேஜர் ஒருமுறை செய்தது அப்போதுதான் நினைவு வந்தது. திரும்பி வந்து, ஒரு கல்லை மட்டும் வைத்தேன். ஐந்து காட்டியது. கல்லை எடுத்துவிட்டு ஒரு பக்கெட்டை வைத்து, அதே ஐந்து வரும்வரை சலவைத்தூளைக் கொட்டினேன். இப்போது பக்கெட்டே ஐந்து கிலோ. அதோடு மூன்று கல்லையும் ஏற்றினேன். இருபது காட்ட வேண்டிய தராசு இருபதும் நூற்று நாற்பது கிராமும் காட்டியது. மூன்றுமுறை செய்தேன், அதேதான். அப்படியானால் இருபது என்று காட்டி வெளியே போகிற ஒவ்வொரு மூட்டையிலும் தூள் அவ்வளவு குறைவு.

மீசைக்கு வந்ததே கோபம். பக்கெட்டை வைத்துத் தன் தராசைக் குறை சொல்வதா, நான்காவது கல் எங்கே, உன்னை யார் அனுப்பியது என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நான் கையெழுத்துப் போடவில்லை. வாசலுக்கு வந்து மேனேஜரை அழைத்து, விமான நிலையத்தில் நடந்ததிலிருந்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

நாளைக்குத் தானே நான்கு கல்லோடு வருவதாக மேனேஜர் சொன்னார். பக்கெட் வைத்துப் பார்த்தது சரியான யோசனை என்றும் சொன்னார். பிறகு குரலை இறக்கினார்.

"தொலைஞ்சு போச்சுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேம்மா."

"தெரியும் சார்."

"கல்ல விட்டுட்டுப் போன பொண்ண நான் எப்படி நிரந்தரம் பண்றது? அடுத்த மாசத்தோட சரி. மன்னிச்சுக்கோ."

சாயங்காலம் ஹோட்டல் அறையில் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தபோது நர்ஸ் அக்கா அழைத்தார். குழந்தைக்குச் சட்டை கச்சிதமாக இருக்கிறதாம், தங்கை படம் அனுப்பினாளாம். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் வேலை போனதைச் சொன்னேன்.

"ஏண்டி, அங்கயே முடியாதுன்னு சொல்லவேண்டியதுதானே? நான் என்ன உன்னக் கடிச்சா தின்னுடுவேன்?"

"சொல்லியிருந்தா எங்கூடப் பேசியிருப்பீங்களா?"

அக்காவிடம் ஆயிரம் குறை சொல்லலாம், பொய் மட்டும் வராது. யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"ஒரு வாரம் பேசியிருக்க மாட்டேன். கோவம் வந்திருக்கும். அப்புறம் நானே வந்து உன் கதவத் தட்டியிருப்பேன்."

ஒரு வாரம். அவ்வளவுதான். அக்கா போனில் இருக்கும்போதே நான் ஓவென்று அழுதேன்.