பதினொன்றாம் பக்கத்துப் புள்ளிகள்

...அடுத்தது என் பாட்டுத்தான், பாடுகிற வர்ஷினி என் புத்தகத்தைப் புரட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாயிற்று, மயிலாப்பூரில் மத்தியானக் கச்சேரிக்கு வந்திருக்கிற முப்பது பேரில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் இந்தச் சூடாமணிதான் இதைப் போட்டவள் என்று மேடையில் ஒரு வார்த்தை சொன்னார்களா, சொல்லவில்லை, போகட்டும், அது பரவாயில்லை, ஆனால் அந்தப் பதினொன்றாம் பக்கம்... அவளிடம் இருப்பது நான் திருத்தாத பிரதி. கடையில் எப்போதோ வாங்கினாளாம், எனக்குத் தெரிந்தது இப்போதுதான். ஓடிப்போய்ச் சொல்லலாமா? எப்படிச் சொல்வது, ஸ்ருதி சேர்த்தாயிற்றே. பாட்டுப் போடுகிறவர் என்றால் செத்துப்போயிருக்க வேண்டும் இந்த ஊரில், உயிரோடு இருக்கிறவள் பாட்டை யாரம்மா வாங்குவா என்று தி. நகரில் ஒரு பதிப்பாளர் என் முகத்துக்கு நேரே கேட்டார், சரி, நானே போட்டுக்கொள்கிறேன் என்று பன்னிரண்டு பாட்டுக்கும் ஸ்வரம் ஸ்வரமாக என் கையாலேயே எழுதி, அந்தக் கையெழுத்தையே பிலிம் எடுத்து அச்சடிக்கச் சொல்லி ராயப்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கும் குலாம் முகம்மதிடம் கொடுத்தேன்.

கீழ் ஸ்தாயி என்றால் எழுத்துக்கு அடியில் ஒரு புள்ளி, சரளி வரிசை படிக்கிற குழந்தைக்கும் தெரியும். அச்சாகி வந்தபோது அந்தப் பக்கத்தில் ஒரு புள்ளியைக்கூடக் காணோம்! அம்பாளைப் ‘படியிறங்கி வா’ என்று கூப்பிடுகிற இடம், குரல் ஒவ்வொரு படியாக மந்தர பஞ்சமம் வரைக்கும் இறங்க வேண்டும், அதற்குத்தான் ஒன்பது வருஷம் மெனக்கெட்டேன், புள்ளி போய்விட்டால் ஸட்ஜத்திலிருந்து ஒரே தாவலாக மேலே போய்விடும். கத்தினேன். குலாம் முகம்மது நிதானமாகச் சொன்னார்: “பிலிம்ல பொடிப்பொடியா ஓட்ட கீதுன்னு நென்ச்சிக்கினு நம்ம ஆளு மை வெச்சு அடச்சிட்டாம்மா.” தூசு விழுந்தால் பிலிமில் ஓட்டை தெரியுமாம், அதை மையால் அடைப்பதுதான் அந்த ஆளுக்கு வேலையாம், பிலிமில் என் புள்ளியும் அதே மாதிரி பொடி ஓட்டையாகத்தான் தெரியுமாம். தூசா? என் புள்ளி தூசா? பத்து நாள், கழுத்து ஒடிய, பிரதி பிரதியாக நானே பேனாவால் புள்ளி வைத்தேன், அதற்குள் கடைக்குப் போன இருபதில் ஒன்று இவள் கையில்...

அனுபல்லவி முடிந்தது, நன்றாகத்தான் பாடுகிறாள், இதோ சரணம், ‘படியிறங்கி...’ வேண்டாம்டி, இறங்கு, இறங்கித் தொலை... ஏறிவிட்டாள். இறங்கு என்கிற சொல்லை வைத்துக்கொண்டு யாராவது ஏறுவார்களா, கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா, வயலின்காரர் வேறு ஆஹா என்கிறார், மறுபடியும் அதே இடம், மறுபடியும் தாவுகிறாள்... ஆனால் கூப்பிடுகிறவள் எங்கே நிற்கிறாள்? கீழேதானே? கீழே நிற்கிறவள் தலையைத் தூக்கி மேலே பார்த்துத்தானே குரல் கொடுப்பாள்? ஒன்பது வருஷத்தில் எனக்கு இது ஏன் தோன்றவில்லை? மூன்றாவது தடவை அவள் தாவியபோது எனக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது, சே. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சிநேகிதி விசாலாக்ஷி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அந்த எடம் எப்படிடீ தோணித்து நோக்கு?” என்றாள். அது தப்பு, அச்சகத்தில் பண்ணின தப்பு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“தானா வந்தது” என்றேன். என் பெயரைச் சொல்லவில்லையே என்று இவ்வளவு நேரம் பொருமிக்கொண்டிருந்த நான், மை வைத்து அடைத்த அந்த ஆள் பெயர் என்ன என்று குலாம் முகம்மதிடம் கேட்கவே இல்லை.