ஆறாத கப்பல்

கடலில் தண்ணீருக்கா பஞ்சம் என்று கரையில் இருப்பவர்கள் சுலபமாகக் கேட்டுவிடுவார்கள். எரிகிற கப்பலுக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்த்தால் அல்லவா தெரியும்!

இழுவைப் படகின் பம்புக்காரர் கடல்நீரைப் பீய்ச்சியடித்தபடி நாட்கணக்கில் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார். படகுக்குப் பின்னால், கம்பி வடத்தில் கட்டுண்டு, அடுக்குமாடிக் கட்டடம் கணக்காக வந்துகொண்டிருந்தது அந்தக் கார்க் கப்பல். வயிறு நிறைய மின்சாரக் கார்கள். ஏதோ ஒன்றின் பேட்டரியில் பிடித்த தீ, பக்கத்துக் கார், அதற்கும் பக்கத்துக் கார் என்று தாவிக்கொண்டே போனது. பெட்ரோல் தீ என்றால் காற்றை அடைத்தால் அடங்கும். இது அணைந்த மாதிரி பாசாங்கு செய்துவிட்டு மறுபடி எழும். சூடு ஆறினால்தான் உண்டு. இந்த லட்சணத்தில் விரல் நுழைய இடமில்லாமல் கார்களை அடுக்கி அனுப்பிய புண்ணியவான்களைப் பம்புக்காரர் வாய் ஓயாமல் திட்டினார்.

திட்டாமல் என்ன செய்வார்? உள்ளே கிடப்பது அவர் மகன்.

அவன் அந்தக் கப்பலில் எலக்ட்ரீசியன். புகை மணி அடித்ததும் என்னவென்று பார்க்க முதல் ஆளாக இறங்கினான், திரும்பி ஏறவில்லை. மற்றவர்கள் உயிர்ப்படகில் தப்பினார்கள். பம்புக்காரர் தன் கேப்டனின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி இந்த வேலைக்கு வந்தார். மகன் உயிரோடு இல்லை என்பது அவருக்கும் தெரியும், வீட்டில் இருப்பவளுக்கும் தெரியும்.

"முகத்த ஒரு தடவ பாத்துட்டா போதுங்க. எப்படி இருந்தாலும் சரி, கொண்டாந்துடுங்க," என்றாள் மனைவி போனில்.

"கொண்டாந்துடறேன்மா."

ஆனால் சூடு ஆறாமல் உள்ளே விடமாட்டோம் என்று துறைமுகம் கையை விரித்துவிட்டது. அவர்கள் பயம் அவர்களுக்கு.

தண்ணீர் ஊற்றுவதற்குக் கேப்டன் ஒரு கணக்கு வைத்திருந்தார். கொஞ்சம் ஊற்று, நிறுத்து, உள்ளே நிற்கும் தண்ணீர் வடிந்தபின் மறுபடி ஊற்று. கார்த் தளங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. தேங்கிய தண்ணீர் ஒரு பக்கமாக ஓடினால் கப்பலும் அந்தப் பக்கமே சாயும். பம்புக்காரருக்கு இது தெரியாததல்ல.

அன்று காலை கேப்டன் ரேடியோவில் துறைமுகத்திடம் மன்றாடிக்கொண்டிருந்தார். தண்ணீரை நிறுத்தும் நேரம் வந்தது. பம்புக்காரர் வால்வில் கை வைத்தார். எதிரே மகன் இறங்கிய இடத்தில் பெயின்ட் பொரிந்து ஆவி பறந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினால் சாயங்காலத்துக்குள் ஆறிவிடும், ஆறினால் இன்றைக்கே உள்ளே விட்டுவிடுவார்கள். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? அவர் வால்வை மூடாமலே கையை எடுத்துவிட்டார்.

"கொஞ்சம் பொறுத்துக்கப்பா," என்றார் அந்த இரும்புச் சுவரிடம்.

ஆவி நின்றது. அவர் முகத்தில் முதல்முறையாகத் தெளிவு வந்தது. அப்போதுதான் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவில்லை.

"அண்ணே, நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கேப்டன் ஓடிவந்தார்.

நிறுத்தினார். உள்ளே கார்கள் கட்டறுத்துச் சரியும் ஓசை கேட்டது. வடம் விறைத்து, படகின் பின்பக்கத்தைக் கீழே இழுத்தது. அவரைக் கழற்றச் சொல்ல மனம் வராமல் கேப்டனே வடத்தைக் கழற்றிவிட்டார். கப்பல் புரண்டு, வயிற்றைக் காட்டி, போய்விட்டது.

"காத்து புரட்டிடுச்சுன்னு நான் சொல்லிக்கறேன். நீங்க வாயத் திறக்காதீங்க," என்றார் கேப்டன்.

வீட்டிலிருந்து போன் வந்தது. "உள்ள விட்டுட்டாங்களா?"

"கப்பல் முழுகிடுச்சு. காத்து, கடல்னு யார் என்ன சொன்னாலும் நம்பாத. நிறுத்த வேண்டிய நேரத்துல நான் தண்ணிய நிறுத்தல. சீக்கிரம் ஆறட்டும்னு ஊத்திட்டேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை போலிருந்தது. வெகுநேரம் அழுகை மட்டும் கேட்டது.

"நானா இருந்தாலும் ஊத்தித்தான் இருப்பேன்," என்றாள் கடைசியில். "நீங்களாவது வீடு வந்து சேருங்க."